எந்தக் காகிதம் எங்கே செல்லும்? குமரி மாவட்டத்தில் சபை, சட்டம், கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வு பெற்றபின் பங்குப்பேரவையில் கணக்கு எழுதுகிறேன் (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ச்சபை). வீட்டுக்காரி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், நான் லத்தீன் முறைக் கத்தோலிக்கன். அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு. பல ஊர்களில் கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும். அப்படியிருக்க, சாமியார் (பாதிரியாரைத்தான் அப்படிச் சொல்வோம்) கையெழுத்துப் போட்ட காகிதம் தாலுகா ஆபீசிலும் செல்லும் என்று ஒருவர் நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செல்லாது. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தவை. நான் வக்கீல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரே மாவட்டத்துக்கு இத்தனை பிஷப் எதற்கு?

எண்ணினால் ஐந்து பேர். லத்தீன் முறையில் கோட்டாறும் குழித்துறையும். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014 டிசம்பரில் கோட்டாறிலிருந்து பிரிந்தது. சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, சீரோ மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம். இவை இரண்டும் கீழை முறைக் கத்தோலிக்கச் சபைகள், இரண்டு மறைமாவட்டமும் 1996இல் வந்தவை. ஐந்தாவது சி.எஸ்.ஐ. கன்னியாகுமரிப் பேராயம், 1959 முதல் தனியாக இருக்கிறது. லுத்தரன் சபை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் இந்தக் கணக்கில் வராது.

இன்னொரு வேடிக்கை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை நகர்ந்தது, சபை எல்லை நகரவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளின் சான்றிதழில் கேரள முத்திரை இருப்பதைப் பார்த்து "இது வேற ஸ்டேட்" என்று திருப்பி அனுப்பிய புது ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கத்தோலிக்கருக்கு எல்லாம் ஒரே திருச்சபைச் சட்டம்தானே?

இல்லை. லத்தீன் முறைக்கு 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1752 விதிகள். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் கீழைத் திருச்சபைகளுக்கென்று 1990இல் வந்த தொகுப்பு, 1546 விதிகள். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் சட்டப் புத்தகமே மாறிவிடும்.

இது தெரிய வருவது கல்யாணத்தில்தான். லத்தீன் முறையில் திருத்தொண்டர் (டீக்கன், குருவுக்கு ஒரு படி கீழே இருப்பவர்) ஒருவரே திருமணத்தை நடத்தி வைக்கலாம். கீழை முறையில் குருவானவரின் ஆசீர் இல்லாமல் திருமணமே இல்லை. பெண் தக்கலை, பையன் கோட்டாறு என்றால்? குருதான் நடத்த வேண்டும் என்று 2016இல் போப் பிரான்சிஸ் லத்தீன் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார். உங்கள் வீட்டில் ஒருவர் திருத்தொண்டராக இருந்து, தங்கச்சி கல்யாணத்தைத் தானே நடத்த ஆசைப்பட்டால், ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஐ.க்கு இப்படிப்பட்ட தொகுப்பு கிடையாது. அதற்குத் தனி அமைப்புச் சட்டம் உண்டு: சேகரக் கமிட்டி (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் குழு), பேராய மன்றம், எல்லாவற்றுக்கும் மேலே சினாடு என்று தேர்தல் வழியாக மேலே போகும். தேர்தல் காலத்தில் சபை மக்கள் படும் பாட்டை அவர்களே சொல்வார்கள், நான் சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

கேள்வி: எங்கள் தாத்தா எழுதிக்கொடுத்த நிலத்தில்தான் கோயில் இருக்கிறது. இப்போது அது யாருடைய சொத்து?

எழுதிக்கொடுத்த பத்திரத்தை முதலில் எடுங்கள். யார் பெயருக்கு, என்ன நிபந்தனையோடு எழுதினார் என்பதுதான் முக்கியம். கத்தோலிக்கப் பங்கு திருச்சபைச் சட்டப்படி ஒரு சட்ட நபர், பங்குத்தந்தை அதன் சார்பாக நடப்பவர். அவருக்கு அது சொந்தமில்லை, பேரவைக்கும் சொந்தமில்லை. பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் என்கிறது 537ஆம் விதி. பெரிய சொத்தை விற்க ஆயருக்கே (அதாவது பிஷப்புக்கே) நிதிக்குழு, ஆலோசகர் குழு இரண்டின் இசைவும் வேண்டும். ஒரு வரம்புக்கு மேல் போனால் ரோமாபுரியின் அனுமதியும் வேண்டும். சி.எஸ்.ஐ. சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற அமைப்பின் பெயரில் நிற்கும். அது கம்பெனிச் சட்டத்தில் பதிவானது. ஆகவே "எங்க ஊர்க் கோயில், நாங்க முடிவு பண்ணுவோம்" என்பது ஊர்க்கூட்டத்தில் கைத்தட்டு வாங்கும், பத்திர ஆபீசில் வாங்காது.

கேள்வி: இங்கே சபைக் கல்லூரிகள் எப்படி வந்தன?

1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர், லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக மயிலாடிக்கு வந்தார். அங்கே 1809இல் தொடங்கிய பள்ளியைத்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்கிறது. கல்லூரி வகுப்பு வந்தது 1893இல். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் கதை நம் பேச்சுக்கு இன்னும் பொருத்தமானது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக (ஆங்கிலேயரின் பிரதிநிதியாக) இருந்த கர்னல் மன்றோ, மீட்டை நாகர்கோவிலில் நீதிபதியாகவே உட்கார வைத்தார். மிஷனரி, பள்ளிக்கூடம் நடத்துபவர், நீதிபதி மூன்றும் ஒரே ஆள்! லண்டனில் இருந்த சங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை, சீக்கிரமே அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். சபையும் கோர்ட்டும் ஒன்று என்ற நினைப்பு நம் ஊரில் இன்றும் போகாததற்கு அவர் நீதிபதியாக இருந்த அந்தக் கொஞ்ச காலமும் காரணமோ என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் ஒவ்வொரு சபையும் கல்லூரி கட்டியது. நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் 1965, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, தூத்தூரில் புனித யூதா, சுங்கான்கடையில் புனித சவேரியார் பொறியியல் கல்லூரி. கல்லூரி சபையுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. பழைய சான்றிதழைப் பார்த்தாலே வரலாறு தெரியும்: முதலில் சென்னை, பிறகு 1937இல் வந்த திருவிதாங்கூர், மாவட்டம் சேர்ந்ததும் மறுபடி சென்னை, 1966 முதல் மதுரை, 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார். ஒரே வீட்டில் தாத்தா, அப்பா, மகள் மூவரும் ஒரே வகுப்பறையில் படித்து மூன்று பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பார்கள்.

கேள்வி: சிறுபான்மைக் கல்லூரி என்றால் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

இல்லவே இல்லை. அரசியலமைப்பின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமை தருகிறது. பக்கத்திலேயே 29(2) பிரிவு, அரசுப் பணம் பெறும் நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் சுப்ரீம் கோர்ட்டுக்குப் பல வருட வேலை. 1991இல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில், சொந்தச் சமூகத்துக்கு 50 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்றது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு, அந்த 50ஐக் கல்வெட்டாக வைக்க வேண்டாம், நிறுவனத்தின் தன்மையையும் அந்த வட்டாரத்தின் தேவையையும் பார்த்து அரசு நிர்ணயிக்கலாம் என்றது. சிறுபான்மையா இல்லையா என்பதை மாநில வாரியாகப் பார்க்க வேண்டும் என்றதும் அந்தத் தீர்ப்புதான். அதனால் பாதிக்குப் பாதி கிறிஸ்தவர் வாழும் இந்த மாவட்டத்திலும் கிறிஸ்தவக் கல்லூரி சிறுபான்மைக் கல்லூரிதான். "இங்க நாமதானே மெஜாரிட்டி" என்று டீக்கடையில் சிரிக்கலாம், சட்டம் தமிழ்நாட்டை மொத்தமாகப் பார்க்கிறது.

கேள்வி: ஞானஸ்நானச் சான்று இருந்தால் சீட் நிச்சயமா? கம்யூனிட்டி சர்டிபிகேட் எதற்கு?

நிச்சயமில்லை. அட்மிஷன் மேஜையில் நான் அதிகம் பார்த்த காட்சி இதுதான்.

ஒரு ஜூன் மாதம், கடற்கரை ஊரிலிருந்து ஒரு அப்பா, கூட மகள். லேமினேட் செய்த திருமுழுக்குச் சான்றை (ஞானஸ்நானச் சான்றுதான்) மேஜையில் வைக்கிறார். அதில் பெயர் மரிய புஷ்பம். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் பெயர் ஷைனி. "ரெண்டும் இவதான் சார், கோயில் பேரு அது, பள்ளிக்கூடப் பேரு இது." எனக்குப் புரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் எனக்குப் புரிந்து என்ன பயன்? கோப்பைத் தணிக்கை செய்பவருக்குப் புரிய வேண்டும். பிறந்த தேதியும் மூன்று நாள் வித்தியாசம். பங்கு அலுவலகத்தில் பெரிய பதிவேட்டைப் பார்த்து எழுதியவர், பிறந்த நாள் கட்டத்தில் திருமுழுக்கு நாளைப் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் சீட் கிடைத்தது, மார்க்கால். காகிதத்தைச் சரி செய்ய இரண்டு மாதம் ஆனது.

திருமுழுக்குச் சான்று, நீங்கள் இந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று சபை சொல்லும் சான்று. சபை ஒதுக்கீட்டு இடத்துக்கு அது வேண்டும், பல இடங்களில் பங்குத்தந்தை அல்லது போதகரின் கடிதமும் கேட்பார்கள். பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாதிச் சான்றிதழ் வருவாய்த் துறை கொடுப்பது. சபை கொடுக்கும் எந்தக் கடிதமும் அதற்கு ஈடாகாது. லேமினேட் செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், பின்பக்கம் முத்திரை வைக்க முடியாது.

கேள்வி: சீனியர் பேராசிரியரை விட்டுவிட்டு ஜூனியரை முதல்வராக்கினார்கள். கேஸ் போடலாமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். மலங்கரை கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றின் வழக்கில் 2006இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: தகுதி இருக்கும்வரை, யாரை முதல்வராக்குவது என்பது சிறுபான்மை நிர்வாகத்தின் உரிமை, சீனியாரிட்டி அதைக் கட்டாது. தகுதி விதி, சம்பளம், ஆசிரியரைக் காரணமின்றி நீக்கக்கூடாது என்பவை வேறு. அவற்றில் அரசு தலையிடலாம், தலையிடுகிறது.

கேள்வி: சாமியார்களும் சிஸ்டர்களும் வருமான வரி கட்ட வேண்டுமா?

அரசு உதவி பெறும் நிறுவனத்தில் ஆசிரியராகச் சம்பளம் வாங்கினால், ஆம். துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர் உலகத்துக்கு இறந்தவர், சம்பளம் சபைக்கே போகிறது, எனவே வரி பிடிக்கக்கூடாது என்பது சபைகளின் வாதம். 2024 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ அவர் பெயரில் வரி, பிறகு அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் பாடு. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சங்கடம் ஒன்றும் தெரியவில்லை.

கேள்வி: மகன் பி.டி. (இறையியல் இளங்கலை) படிக்கிறான். அது டிகிரியா?

எங்கே படிக்கிறான் என்பதைப் பொறுத்தது. செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசர் பட்டயம் கொடுத்தார், அந்த ஊர் அப்போது டென்மார்க்கிடம் இருந்தது. 1918இல் வங்காளச் சட்டசபை தனிச் சட்டமே இயற்றி, இறையியல் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தை உறுதி செய்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, திருவனந்தபுரம் கண்ணம்மூலை இறையியல் கல்லூரி போன்றவை அதன் செனட்டோடு இணைந்தவை. கத்தோலிக்கக் குருமடங்களில் சிலவற்றுக்கு ரோமின் அனுமதியோடு இறையியல், திருச்சபைச் சட்டம் போன்றவற்றில் பட்டம் கொடுக்கும் உரிமை உண்டு. பெங்களூரு புனித பேதுரு நிறுவனம், புனே ஞானதீப வித்யாபீடம் அப்படிப்பட்டவை. அந்தப் பட்டம் சபைக்குள் உலகம் முழுக்கச் செல்லும். அரசு வேலை விண்ணப்பத்தில் செல்லுமா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். தெருவுக்குத் தெரு போர்டு வைத்து ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் போட அது உதவும்.

கேள்வி: ஆயரகத்தில் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. மறுமணம் செய்யலாமா?

கோயிலில் தடையில்லை. சட்டத்தில் நீங்கள் இன்னும் கணவர், மனைவிதான். சபைத் தீர்ப்புக்குச் சிவில் பலன் இல்லை என்று 1996இல் மோளி ஜோசப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2017இல் வேறொரு மனுவைத் தள்ளுபடி செய்தபோதும் அதே நிலைதான். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்து, கையில் ஆயரகத் தீர்ப்போடு கல்யாண மண்டபம் பதிவு செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் என் மேல் கோபப்படுகிறார்கள். குடும்ப நீதிமன்றத்தின் விவாகரத்து உத்தரவு இல்லாமல் இரண்டாவது கல்யாணம் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டு, இருவர் சம்மதத்தோடு பிரிய 10ஏ பிரிவு வந்திருக்கிறது. தலைகீழும் உண்மை: கோர்ட் விவாகரத்து மட்டும் இருந்தால் கத்தோலிக்கக் கோயிலில் மறுமணம் நடக்காது. இரண்டு காகிதமும் வேண்டும்.

கோயிலில் நடந்த கல்யாணத்தையும் தமிழ்நாடு 2009ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: அக்காவுக்கு நகை போட்டு, சீதனம் கொடுத்து அனுப்பியாச்சு. அப்பா சொத்தில் இன்னும் பங்கு கேட்கிறாள். நியாயமா?

இந்தக் கேள்வியைத் தம்பிகள்தான் கேட்கிறார்கள், அக்காமார் யாரும் கேட்டதில்லை.

முன்பு திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாரிசுச் சட்டம் இருந்தது, கொல்லம் ஆண்டு 1092இல் (ஆங்கில ஆண்டு 1916) வந்தது. மகன் இருந்தால் மகளுக்கு அவன் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் உள்ள சில லத்தீன் கத்தோலிக்கருக்கும் சில புராட்டஸ்டண்ட் பிரிவினருக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. ஆகவே "நம்ம வழக்கமே பெண்ணுக்குப் பங்கு இல்லாததுதான்" என்று மொத்தமாகச் சொல்வதும் சரியில்லை.

மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறதா என்ற சண்டை ஓயவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 1974இல் ஒரு நீதிபதி இல்லை என்றார், 1978இல் இரு நீதிபதிகள் அமர்வு இருக்கிறது என்றது. 1986 பிப்ரவரி 24 அன்று மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடித்து வைத்தது: 1951 ஏப்ரல் 1 முதலே அது போய்விட்டது, 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வேறுபாடு இல்லை.

சரி, போட்ட நகை? அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு, தகப்பன் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ பங்கில் கழிக்கக்கூடாது என்கிறது. நகை நகைதான், பங்கு பங்குதான். தம்பியை வளைகுடாவுக்கு அனுப்பச் செலவழித்த பணத்தையும் யாரும் கழிக்கவில்லையே!

பங்கு அக்காவுக்குப் போகாமல் இருக்க இரண்டு வழி உண்டு. அப்பா உயில் எழுதியிருக்க வேண்டும். கிறிஸ்தவர் தன் சொத்து முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அல்லது அக்கா தானாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பழைய ஆட்கள் ஒழிமுறி என்பார்கள். அப்பா அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அழுது முகம் வீங்கியிருக்கும் பெண்ணிடம் "சும்மா ஒரு கையெழுத்து மக்களே" என்று நீட்டும் காகிதம் பெரும்பாலும் அதுதான். வாசிக்காமல் போடாதீர்கள்.

கேள்வி: கோயிலுக்கு உயில் எழுதி வைத்தால் செல்லுமா?

செல்லும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் மதக் காரியத்துக்கோ தர்மத்துக்கோ உயில் எழுதினால், இறப்பதற்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் இருந்த தடையை 2003இல் ஜான் வள்ளமற்றம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் நீக்கிவிட்டது. பங்கின் சரியான பெயரை எழுதுங்கள். "நம்ம ஊர்க் கோயிலுக்கு" என்று மட்டும் எழுதினால் பேரப்பிள்ளைகள் கோர்ட்டில் நிற்பார்கள்.

கேள்வி: தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடைக்குமா?

1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்றவருக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். மதம் மாறியதால் சாதி விட்டுப் போயிற்றா என்று நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். 2007இல் கிறிஸ்தவர்களுக்கென்று மாநில அரசு தந்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பலன் இல்லை என்று கிறிஸ்தவர்களே கேட்டு அடுத்த வருடம் ரத்து செய்யவைத்தது தனிக் கதை.

கேள்வி: கொள்ளுத் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை எங்கே தேடுவது?

அவர் எந்தச் சபை, எந்த ஊர் என்பதிலிருந்து தொடங்குங்கள். கத்தோலிக்கர் என்றால் தாய்ப்பங்கு; உங்கள் பங்கு பிறகு பிரிந்ததாக இருக்கலாம், எனவே பழைய பங்கில் கேளுங்கள். தூத்தூர்ப் பக்கம் என்றால் மேலதிகாரம் திருவனந்தபுரத்தில். சி.எஸ்.ஐ. என்றால் சேகரப் பதிவேடு. பழைய மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பதிவேட்டைத் திறக்கும்போது பக்கத்தைப் புரட்டும் வேலையை உபதேசியாரிடமே விட்டுவிடுங்கள், விரல் பட்டால் ஓரம் பொடிந்து மடியில் விழும். சில ஏடுகளில் வருடம் 1075, 1090 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு, 825ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆவணி முதல் மார்கழி பாதி வரை என்றால் 824.